தண்ணீரைக் குடித்த குன்று

முதல் லாரித் தண்ணீரைக் குன்று குடித்தபோது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. காய்ந்த மண், குடித்தது, அவ்வளவுதான். வாயெனார் நகரத்துக்கு வடக்கே அந்த மலைகளில் கடைசியாக எப்போது மழை பெய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷத்தைச் சொல்வார்கள்.

அங்கே பைக் தடம் போடுகிறவர்களுக்குப் பாறைகூட எதிரியில்லை, மாவுதான் எதிரி. வெயில் மண்ணை அரைத்து அரைத்து முகத்துக்குப் பூசுகிற பவுடர் போல ஆக்கி வைத்திருக்கும். சக்கரம் ஏறினால் பாதி புதையும். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குத் தன் கைப்பிடியே தெரியாது. வெட்டிய மண்ணை ஈரம் காய்வதற்குள் அடித்து இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வளைவுக்குக் கட்டிய கரை ஒரே வாரத்தில் சரிந்து மறுபடி மாவாகிவிடும். விடிகாலையில் கடல் பக்கமிருந்து ஏறிவரும் மூடுபனி மேல்தோலை மட்டும் நனைக்கும். மிச்சத்துக்கு லாரித் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை.

யஸ்னா போர்தோனெஸ் ஒரு காலத்தில் நன்றாக பைக் ஓட்டியவள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டுத் தடம் போட வந்தாள். பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டாள், சரிவைக் கண்ணாலேயே அளக்கக் கற்றுக்கொண்டாள். அவள் போட்ட தடங்களில் பல பேர் கோப்பை வாங்கினார்கள். ஆனால் பெயர் எப்போதும் வேறு யாருக்காவது போகும். அவள் 'மெஷின் ஓட்டுற பொம்பளை'யாகவே இருந்தாள். இந்த வருஷம்தான் கிளப் தலைவர் தோன் வால்தோ ஒரு குன்றை முழுசாக அவள் கையில் கொடுத்தார். மாகாணப் போட்டி நடக்கப்போகிற தடம். அதை அவள் தன் இஷ்டப்படி வளைக்கலாம், ஏற்றலாம், இறக்கலாம்.

குன்றின் பெயர் கர்ப்பிணி. கிழக்கே தலை வைத்து மல்லாந்து படுத்த பெண்ணின் வயிறு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அந்த வயிற்றைச் சுற்றித்தான் யஸ்னா தன் நீண்ட வளைவைப் போட்டிருந்தாள். அந்த இடத்தில் பழைய சுரங்க வண்டிப் பாதை ஒன்று குன்றை ஒட்டிப் போகிறது. அதன் அகலத்தை எடுத்துக்கொண்டு, வெளிப்பக்கம் ஆள் உயரத்துக்குக் கரை கட்டி, வேகம் குறையாமல் முழு வட்டமாகத் திரும்பும்படி செய்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் கிடக்கும். அதில் ஓட்டுகிறவன் பறப்பதாக நினைத்துக்கொள்வான். குன்றில் மற்ற இடமெல்லாம் வேலை முடிந்துவிட்டது. வளைவு மட்டும் இறுகவில்லை.

"இந்தம்மாவுக்கு மசக்கை," என்றான் ஓவிதியோ, குழாயைச் சுருட்டிக்கொண்டே. "எவ்வளவு குடுத்தாலும் குடிக்குது. குடிச்சதக் காட்ட மாட்டேங்குது."

ஓவிதியோ தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் லாஸ் பிர்காஸ் என்கிற சிற்றூருக்கும், வழியில் இருக்கும் ஆட்டுப்பட்டிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோவது அவன் வேலை. திரும்பி வரும் வழியில் மிச்சத்தைக் குன்றுக்கு ஊற்றிவிட்டுப் போவான். மனைவி இறந்து சில வருஷமாகிறது. யஸ்னாவிடம் வலியப் பேச்சுக் கொடுப்பான். அவளும் தடுக்க மாட்டாள்.

"மசக்கைன்னா வாந்தி எடுக்கணும்ல," என்றாள் யஸ்னா.

"எடுக்கும், எடுக்கும். இன்ஜினியரம்மா தலையிலதான் எடுக்கும்."

அவள் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. அவன் அப்படிக் கூப்பிடும்போது கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடிந்ததில்லை. இரண்டும் பிடித்திருந்தது.

சிரித்தாளே தவிர, அவள் கண் மண்ணிலேயே இருந்தது. மற்ற இடங்களில் தண்ணீர் ஊற்றினால் மண் கறுக்கும், சேறாகும், சாயங்காலம் வரை ஈரம் நிற்கும். இங்கே ஊற்ற ஊற்ற உள்ளே போனது. அவர்கள் ரொட்டியில் அவகாடோ தடவித் தின்று டீ குடித்து முடிப்பதற்குள் வளைவு பழையபடி வெளுத்துக் கிடந்தது.

அவள் தம்பி எலியெசெர் கடப்பாரையை எடுத்து வளைவின் நடுவே குத்தினான். பைக் மெக்கானிக், கிளப்பில் அவன்தான் வேகக்காரன். தடம் தயாரானதும் முதலில் ஓட்டிப் பார்க்கப் போகிறவனும் அவன்தான். இரண்டு மூன்று தரம் குத்திவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இங்க வந்து கேளு. அங்க குத்தினா ஒரு சத்தம், இங்க குத்தினா ஒரு சத்தம்."

"சுரங்கத்துக் கழிவுக் கல்லக் கொட்டி வெச்சிருப்பாங்கடா. அது மேல மண்ணு. இடுக்குல தண்ணி ஓடிடுது."

"கர்ப்பிணிக்குள்ள சுரங்கம் இல்லையே?"

"ஓடைக்கு அந்தப் பக்கத்தோட முடிஞ்சுபோச்சுன்னு வால்தோ சொன்னாரு. வரைபடத்துல அப்படித்தான் இருக்காம்."

சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். வரைபடம் கம்பெனிக்காரர்கள் தோண்டியதை மட்டும்தான் காட்டும். கம்பெனி போன பிறகு, ஒரு சம்மட்டியும் ஒரு விளக்குமாக இரண்டிரண்டு பேராக உள்ளே போய்ச் செம்பைத் தேடியவர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பது எதிலும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் இது தெரியும். எலியெசெருக்கும் தெரியும். ஆனால் அக்கா சொன்னால் அவன் நம்புவான். கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் எலியெசெரும் ஓவிதியோவும் கீழே கல் அடுக்கப் போயிருந்தபோது யஸ்னா மட்டும் வளைவில் இருந்தாள். ரொசெந்தா தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். யஸ்னாவைவிட இளையவள், வாயாடி. தடம் போட ஆரம்பித்த நாளிலிருந்து புழுதியைப் பற்றிச் சண்டை போட்டு, பிறகு சமாதானமாகி, வாராவாரம் ஆட்டுப் பாலாடைக்கட்டி கொண்டுவந்து கொடுப்பவள்.

"இன்னும் முடியலியா உன் ராஜபாட்டை?" என்றாள்.

"இந்த ஒரு இடம்தான் அடம் பிடிக்குது. ஈரமே நிக்கல."

ரொசெந்தா கரைமேல் உட்கார்ந்தாள். பிறகு, யோசித்து, எழுந்து நின்றாள்.

"இங்கதான் போன வருஷம் என் சினையாடு ஒண்ணு காணாமப் போச்சு. திருட்டுப் பசங்க யாரோ பிடிச்சுட்டானுங்கன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் கத்துறது கேட்டுது."

"எங்கேருந்து?"

"அதான் புரியல. இந்தக் கல்லு மேல நின்னா அங்க கேக்குது. அங்க போனா இங்க கேக்குது. ஒரு நாள் பூரா சுத்தினேன். மறுநாள் கொரல் சன்னமாப் போச்சு. அடுத்த நாள் இல்ல." ரொசெந்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்னுவாங்க. ஆடு ஆவியாக் கத்துதுன்னு கிளப்பிவிடுவாங்க."

யஸ்னாவின் கை மண்வெட்டிக் காம்பிலேயே இருந்தது. உள்ளங்கால் வழியாக ஏதோ குளிர்ந்து ஏறுவதுபோல இருந்தது. ஒரு பெரிய ஆடு முழுசாக விழுகிற அளவுக்கு ஒரு வாய். பிறகு அந்த வாயை மாவு மண் மூடிவிட்டது. அந்த மாவுக்கு மேலேதான் அவள் கரை கட்டியிருக்கிறாள்.

"காத்துல எங்கேருந்தோ வந்திருக்கும்," என்றாள்.

"இருக்கும்," என்றாள் ரொசெந்தா. ஆனால் ஆடுகளைத் திருப்பி, வந்த வழியே ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலை யஸ்னா அதை வால்தோவிடம் சொல்லியிருக்கலாம். தம்பியிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வால்தோ பயந்தவர். வளைவை எடுத்துவிடுவார், அது இல்லாமல் தடம் வெறும் ஆட்டுப்பாதை. அல்லது கொப்பியாப்போ நகரத்திலிருந்து வேறொருவனைக் கூட்டிவருவார். மறுபடி அவள் மெஷின் ஓட்டுகிற பொம்பளை. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது தனக்குள் ஒரு பேரம் பேசிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு லாரி. அந்தத் தண்ணீர் நின்றால் மண்ணில் பிழையில்லை, ரொசெந்தா கேட்டது காற்று. நிற்காவிட்டால் நானே வளைவை மேலே பாறைக்கு மாற்றிவிடுகிறேன், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேரம் அவளுக்கு நியாயமாகவே பட்டது.

காலையில் மூடுபனி விலகியதும் ஓவிதியோ வந்தான். நிறைந்த லாரி.

"லாஸ் பிர்காஸுக்கு அப்புறம் போய்க்கிறேன். இன்னிக்கு முதல் தண்ணி கர்ப்பிணிக்கு," என்றான்.

"பாறை மேலயே நிறுத்து. அங்கேருந்து குழாயப் போடு."

"குழாய் ஓட்டையாப் போச்சு, இன்ஜினியரம்மா. பாதித் தண்ணி என் பேன்ட்டுலதான் போகும். பின்னாடி வால்வத் திறந்துட்டு மெதுவா ரிவர்ஸ்ல வரேன். தண்ணி தானா விழும்."

அவள் ஒரு நொடி தயங்கினாள். "ஓரமா வா. உள்ள வராத."

அவன் வால்வைத் திறந்துவிட்டு ஏறி, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி பின்னோக்கி வந்தான். தண்ணீர் அகலமாக விசிறி விழுந்தது. யஸ்னா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மண் கறுத்தது. கறுத்தது வெளுக்கவில்லை. ஒரு சின்னப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, வானம் அதில் தெரிந்தது. இத்தனை நாளில் முதல்முறையாகக் கர்ப்பிணியின் வயிற்றில் தண்ணீர் நின்றது. மண்டிபோட்டு உள்ளங்கையால் ஈரத்தைத் தொட்டாள். லாரி ஓரத்தை விட்டு உள்ளே வந்துகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தபோதும் அவளால் இதைத்தான் சொல்ல முடிந்தது: சந்தோஷத்தில் இருந்தேன், சக்கரத்தைப் பார்க்கவில்லை.

பெரிய சத்தம் ஏதும் கேட்கவில்லை. களைத்த மாடு பின்னங்கால் மடித்துப் படுப்பது போல லாரியின் பின்பக்கம் இறங்கியது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது. தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மடக்காக மறைந்தது. பின் சக்கரங்கள் இருந்த இடத்திலிருந்து புழுதி ஒரு பெருமூச்சாக வெளியே வந்தது. அதோடு ஒரு குளிர்ந்த காற்றும். பல வருஷமாக வெயில் பார்க்காத ஒன்றின் நாற்றம்.

"இன்ஜின நிறுத்து," என்று கத்தினாள். "அசையாத, ஓவிதியோ. அப்படியே இரு."

இன்ஜின் நின்றது. அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. லாரித் தொட்டியின் தண்ணீர் குழிக்குள் விழுந்து, கரையின் மண்ணை அரித்து அரித்துக் கொண்டுபோகும் சத்தம். கற்கள் போய்க்கொண்டிருந்தன. அவை எங்கே போய் முட்டுகின்றன என்று கேட்கவில்லை.

எலியெசெர் கீழிருந்து ஓடிவந்தான். நேராக லாரியை நோக்கிப் போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"பொக்லைன்ல ஏறு. மேல பாறையில நிறுத்தி, பக்கெட்டக் கல்லுல ஊனு. வண்டி இழுக்கிற பட்டை ரெண்டையும் அதுல கட்டு. தாவுற மேடைக்கு வெச்சிருக்கிற பலகையெல்லாம் கொண்டா."

"லாரிய இழுக்க முடியாதுக்கா."

"லாரிய யாரு இழுக்கச் சொன்னா?"

ஒரு பட்டையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். பலகைகளை ஒன்றன்முன் ஒன்றாகத் தள்ளி, அவற்றின்மேல் வயிற்றால் ஊர்ந்தாள். பலகைக்கு அடியில் மண் நழுவுவதை மார்பில் உணர முடிந்தது. லாரியின் கதவுக்கு ஒரு ஆள் தூரம் இருக்கும்போது நிறுத்திக்கொண்டாள். சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு திறக்கவில்லை. ஓவிதியோ ஜன்னலில் முகம் வைத்து இருந்தான். நெற்றியில் ரத்தம். முகம் மாவு பூசி வெள்ளையாக இருந்தது.

"எந்தப் பக்கம் திரும்பட்டும், இன்ஜினியரம்மா," என்றான். குரல் மிகச் சின்னதாக வந்தது.

"ஜன்னல் வழியா வரணும். இதக் கக்கத்துக்குக் கீழ சுத்திக் கட்டிக்க." இரண்டாவது பட்டையை வீசினாள். அவன் பிடித்தான். கட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தான்.

"கீழ என்ன இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிலைமையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுரங்கம். போன வருஷம் ரொசெந்தாவோட ஆடு உள்ள விழுந்திருக்கு."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேத்து."

லாரி ஒருமுறை முனகி இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தான். பிறகு அது போய்ச் சேரும் இடத்தை, மேலே பாறையில் நிற்கும் பொக்லைனைப் பார்த்தான்.

"இதயும் நீங்கதான் கட்டினீங்களா?"

"எலியெசெர் கட்டினான்."

அவன் பட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். தோள் வெளியே வந்தது, இடுப்பு வந்தது, ஒரு கால் வந்தது. அவ்வளவுதான் நேரம் இருந்தது. லாரி நழுவத் தொடங்கியபோது அவனுடைய இன்னொரு கால் ஜன்னல் சட்டத்தில் இருந்தது. யஸ்னா கையைத் தூக்கிக் கத்தினாள். எலியெசெர் பொக்லைனைப் பின்னால் எடுத்தான். இருவரையும் பலகைகளோடும் மண்ணோடும் பாறை மேல் இழுத்துப் போட்டது அது. திரும்பிப் பார்த்தபோது லாரி இல்லை. கரை இல்லை. அவள் வளைவு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு. புழுதி மட்டும் நெடுநேரம் மேலே வந்துகொண்டே இருந்தது.

ஓவிதியோவின் கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை யஸ்னா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் போனதும் எலியெசெர் ஹெல்மெட்டை எடுத்துத் தூர எறிந்தான்.

"அவன்கிட்ட நீ சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"ம்."

"அடுத்த சனிக்கிழமை நான்தான் அதுல ஓட்டியிருக்கணும். முழு வேகத்துல. நீ 'போடா, போடா'ன்னு கையக் காட்டியிருப்ப."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கிளப்பில் கூட்டம் போட்டார்கள். யஸ்னா எழுந்து, ஆட்டைப் பற்றியும், தனக்கு எப்போது தெரியும் என்பதையும், ஒன்று விடாமல் சொன்னாள். வால்தோ மேசையைப் பார்த்தபடியே பேசினார். அவர் பயந்தவர் என்று அவள் நினைத்திருந்தது தப்பு. அவர் பயம் எல்லாம் போட்டி நின்றுவிடுமோ என்பதுதான்.

"நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல. தடத்த மேல தள்ளிப் போட்டா ஆச்சு. கொப்பியாப்போலேருந்து ஆள் வரச் சொல்லியிருக்கேன். மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு. உன் வேலைதான், யஸ்னா. நல்ல வேலை."

"மேல என்ன இருக்குன்னும் தெரியாதே, தோன் வால்தோ."

"எல்லா மலைலயும் என்ன இருக்குன்னு தெரிஞ்சுட்டா ஒருத்தனும் பைக் ஓட்ட முடியாது."

சிலர் சிரித்தார்கள். பழக்கத்தில் வந்த சிரிப்பு.

மறுநாள் வெயில் ஏறியதும் அவள் பொக்லைனை ஓட்டிக்கொண்டு குன்றுக்குப் போனாள். உச்சியிலிருந்து ஆரம்பித்தாள். கட்டிய கரையையெல்லாம் இடித்தாள். தாவுமேடைகளைப் பிளந்தாள். தடத்துக்குக் குறுக்கே இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினாள். கொஞ்சம் இறங்கி மறுபடி ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று. ஒவ்வொரு வளைவையும் எந்தக் காலையில் போட்டாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஒவ்வொரு முறை பொக்லைனின் வாளி மண்ணில் இறங்கும்போதும் மெஷினோடு தானும் போய்விடுவோமோ என்று நினைத்தாள், ஆனாலும் வெட்டினாள்.

நடுப்பகலில் கீழே யாரோ மண்ணைக் கொத்தும் சத்தம் கேட்டது. எலியெசெர். அவன் பிக்காசால் கீழ்முனையிலிருந்து கல் அடுக்குகளைப் பெயர்த்து உருட்டிக்கொண்டு வந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மாலையில் இருவரும் நடுவில் சந்தித்தபோது குன்றில் தடம் என்று எதுவும் இல்லை. அவன் தண்ணீர்க் குப்பியை அவள் பக்கம் நீட்டினான். அவள் குடித்தாள். அவன் வாங்கிக்கொண்டு போனான்.

போட்டி அந்த வருஷம் ஆற்றங்கரைச் சமவெளியில் நடந்தது. அவள் கிளப்பிலிருந்து நீக்கப்பட்டாள்.

ஓவிதியோவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குத் தைரியம் வரச் சில நாள் ஆனது. காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவன் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தான். நாற்காலியைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். கொண்டுபோன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"மன்னிச்சுருன்னு கேக்க வரல," என்றாள்.

"கேக்காதீங்க. எப்பவாவது மன்னிக்கணும்னு தோணினா நானே சொல்லி அனுப்பறேன்." கோபமாகச் சொல்லவில்லை. 'இன்ஜினியரம்மா' என்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டான்: "லாஸ் பிர்காஸுக்குத் தண்ணி யாரு கொண்டு போறா?"

"புதுசா ஒரு பையன வெச்சிருக்காங்களாம். பெரிய லாரி."

"எந்த ரோட்டுல போறான்?"

லாஸ் பிர்காஸுக்கு ஒரே ஒரு ரோடுதான். அது கர்ப்பிணியின் அடிவயிற்றைச் சுற்றித்தான் போகிறது. ஓவிதியோ இத்தனை வருஷமாக அதில்தான் போனான். பள்ளிக்கூட வேன் அதில்தான் போகிறது.

"அவன்கிட்ட யாராவது சொன்னீங்களா?" என்றான் ஓவிதியோ.

பழத்தைப் படுக்கையில் வைத்துவிட்டு எழுந்தாள். படிக்கட்டில் ஓட அவள் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து இறங்கினாள். நகரத்தைத் தாண்டிப் புழுதி ரோட்டில் திரும்பியபோது தூரத்தில், மலையை நோக்கி, வெள்ளையாக ஒரு புழுதி வால் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஹாரனை அடித்துக்கொண்டே பின்னால் விரட்டினாள். ரோடு குன்றைச் சுற்றத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் முந்திப் போய் வண்டியைக் குறுக்கே நிறுத்தி இறங்கினாள். லாரி கிறீச்சிட்டு நின்றது.

டிரைவர் தலையை நீட்டினான். "என்னக்கா, சாகணும்னு ஆசையா?"

"இந்த ரோட்டுல போகாத. கீழ சுரங்கம், பொள்ளலா இருக்கு."

அவன் ரோட்டைப் பார்த்தான். இறுகின, நல்ல ரோடு. டயர்த் தடங்கள் அடுக்கடுக்காக இருந்தன.

"எங்கேருந்து எங்க வரைக்கும்?"

யஸ்னா திரும்பி மலையைப் பார்த்தாள். பிறகு தான் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.

"தெரியல," என்றாள்.